40 வயதுக்கு முன் ஆஸ்திரேலிய பி.ஆர்.: கம்பெனியின் 186க்குக் காத்திருப்பதா, நாமே முயல்வதா?

"பி.ஆர். எனும் நிரந்தரக் குடியிருப்புக்கு 189, 190, 491, 186 ஆகிய நான்கு விசாக்களில் எது சீக்கிரம் கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தால் உண்மையான கேள்வி வேறு என்று தோன்றுகிறது. வயது 38 முடிந்து 9 மாதம். சிவில் இன்ஜினியர். மெல்போர்னில், கம்பெனி ஸ்பான்சர் செய்யும் 482 என்ற தற்காலிக விசாவில் வேலைக்குச் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. அதற்கு முன் சென்னையிலும் துபாயிலுமாக 12 வருட அனுபவம், நடுவில் 2019இல் மட்டும் 3 மாதம் வேலை இல்லை. மனைவி எம்.காம். ஏழு வயது மகள் ஒரு காதுக்குக் கருவி அணிகிறாள். மேலாளர் "ரெண்டு வருஷம் முடியட்டும், 186 போட்டுத் தர்றோம், செலவுல பாதி உங்களது" என்கிறார். நண்பர் "அடிலெய்டுக்குப் போயிடு, 491க்கு 15 பாயின்ட் சும்மா கிடைக்கும்" என்கிறார். ஆக, நீங்கள் கேட்பது இதுதான்: கம்பெனியின் வாய்வார்த்தையை நம்பி இன்னும் 10 மாதம் உட்கார்ந்திருக்கலாமா, அதற்குள் கையில் இருப்பது கரைந்துவிடுமா?

கரையும். எது, எப்போது, எவ்வளவு கரையும் என்று கணக்குப் போட்டே சொல்ல முடியும். அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்போர்னில் 13 வருடமாகப் பதிவுபெற்ற குடியேற்ற முகவராக வேலை செய்கிறேன். உங்கள் பாஸ்போர்ட்டையோ அனுபவச் சான்றையோ நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே உண்மையாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன். ஒரு தேதி மாறினாலும் கீழே உள்ள கணக்கு மாறும். எனவே விண்ணப்பத்தில் கை வைக்கும் முன் பதிவுபெற்ற முகவர் ஒருவரிடமோ குடியேற்ற வழக்கறிஞரிடமோ காகிதங்களைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான்கு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 189க்கு யார் தயவும் வேண்டாம், பாயின்ட் மட்டும் போதும். கிடைத்த நாளிலிருந்து பி.ஆர். 190க்கு ஒரு மாநிலம் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். அதற்கு 5 பாயின்ட் கூடும், அதுவும் முதல் நாளிலிருந்தே பி.ஆர். தான். அந்த மாநிலத்தில் இரண்டு வருடம் இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பீர்கள். அது விசாவில் அச்சடித்த நிபந்தனை அல்ல, மாநிலத்துக்கு நீங்கள் கொடுக்கும் சொல். கொடுத்த சொல்லைக் காப்பாற்றுங்கள். 491 ஐந்து வருடத் தற்காலிக விசா. 15 பாயின்ட் கூடும். குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று வருடம் வாழ்ந்த பிறகு 191 மூலம் பி.ஆர். கேட்கலாம். 186 கம்பெனி பரிந்துரைப்பது. 482இல் இருப்பவர்களுக்கான பிரிவை இங்கே எல்லோரும் டி.ஆர்.டி. என்பார்கள். அதற்குப் பாயின்ட் கணக்கே கிடையாது. கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம் ஸ்பான்சரிடம் முழுநேர வேலை, 45 வயதுக்குள் விண்ணப்பம், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 6, இவைதான் முக்கியமானவை. முன்பு மூன்று வருடமாக இருந்ததை 2023 நவம்பரில்தான் இரண்டாகக் குறைத்தார்கள்.

இப்போது உங்கள் பாயின்ட். வயதுக்கு 25, இளநிலைப் பட்டத்துக்கு 15, ஆங்கிலத்தில் எல்லாப் பிரிவிலும் 7 எடுத்திருப்பதால் 10. இதுவரை 50. அடுத்தது அனுபவம். பெரும்பாலானவர்கள் தப்புக் கணக்குப் போடும் இடம் இதுதான். உங்களுக்கு 12 வருட வெளிநாட்டு அனுபவம் இருந்தாலும், சட்டம் பார்ப்பது கடைசி 10 வருடத்தை மட்டும். 120 மாதத்தில் ஆஸ்திரேலியாவில் கழிந்த 14ஐயும் சும்மா இருந்த 3ஐயும் கழித்தால் 103 மாதம். எட்டு வருடத்துக்கு 96 மாதம் தேவை, எனவே இன்று உங்களுக்கு 15 பாயின்ட். ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் தாண்டிவிட்டதால் அதற்கு 5. இரண்டும் சேர்ந்து 20. அனுபவத்துக்குக் கொடுக்கும் உச்சவரம்பே 20தான். மொத்தம் 70.

இங்கே நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பத்து வருட ஜன்னலிலிருந்து ஒரு வெளிநாட்டு மாதம் வெளியே விழுகிறது. இன்னும் 7 மாதத்தில் 103 என்பது 96 ஆகிவிடும். அதற்கு மறுமாதம் எட்டு வருடம் நிறையாது, 15 பாயின்ட் 10 ஆகிவிடும். ஆஸ்திரேலிய அனுபவத்துக்கு அடுத்த படி மூன்று வருடம் முடியும்போதுதான், அதாவது இன்றிலிருந்து 22 மாதம் கழித்து. அப்போது 10க்கு 10 சேர்ந்து மறுபடி 20 வரும். ஆனால் அதற்குள் உங்களுக்கு 40 பிறந்துவிடும். 15 மாதத்தில் வரும் அந்தப் பிறந்தநாளன்று வயதுக்கான 25 பாயின்ட் ஒரே நாளில் 15 ஆகிவிடும். எந்த வயது என்பது விண்ணப்பம் போடும் நாளை வைத்தல்ல, விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வரும் நாளை வைத்து. ஆக, 7 மாதத்தில் 5 போகிறது, 10 மாதத்தில் 186க்கு இரண்டு வருடம் முடிகிறது, 15 மாதத்தில் இன்னொரு 10 போகிறது. மேலாளர் சொல்லும் தேதி நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். அந்த 186 ஏதோ காரணத்தால் தள்ளிப்போனால், பின்னால் திரும்பிப் பார்க்கும்போது உங்கள் 70 என்பது 55 ஆகியிருக்கும். குறைந்தபட்சத் தகுதியான 65கூட இருக்காது.

அதனால்தான் "எது நல்ல விசா?" என்று கேட்பவர்களிடம், "எது முதலில் தீர்ந்துபோகும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். தீர்ந்துபோவதை முதலில் பயன்படுத்துங்கள். தீராதது காத்திருக்கட்டும். 186க்கு வயது வரம்பு 45, அது ஓடிப்போகாது. உங்கள் பாயின்ட்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

70ஐ உயர்த்த முடியுமா என்றால், முடியும். மனைவி ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 6 எடுத்தால் 5 பாயின்ட். ஆங்கில வழியில் எம்.காம். படித்ததற்கான கல்லூரிக் கடிதம் இதற்குப் போதாது, தேர்வு எழுதியே ஆக வேண்டும். அவருடைய படிப்பையும் வேலையையும் கணக்காளராக மதிப்பீடு செய்ய முடிந்தால் அந்த 5 என்பது 10 ஆகும். ஆனால் இந்திய எம்.காம். பாடத்திட்டத்தில் இங்கே கேட்கும் சில பாடங்கள் இல்லாமல் போவது வழக்கம். பணம் கட்டும் முன் மதிப்பெண் பட்டியலைப் பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஆங்கிலம் எல்லாப் பிரிவிலும் 8க்குப் போனால் இன்னொரு 10 பாயின்ட். எழுத்துப் பிரிவில்தான் நம் ஆட்கள் 7.5இல் முட்டி நிற்பார்கள். மூன்று மாதம் தினமும் ஒரு கட்டுரை எழுதி, தெரிந்தவர் ஒருவரிடம் திருத்தி வாங்கியவர்கள் தாண்டியிருக்கிறார்கள். மாதிரி வினாத்தாளை மட்டும் போட்டுப் பார்த்தவர்கள் அதே இடத்தில் நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எளிதாகக் கிடைக்க வேண்டிய, ஆனால் நம்மவர்கள் அலட்சியத்தால் விடும் 5 பாயின்ட் ஒன்று உண்டு. அது தமிழ். மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று வழங்கும் நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சி.சி.எல். என்ற மொழித் தேர்வில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் பேசுபவருக்கும் தமிழ் பேசுபவருக்கும் நடக்கும் இரண்டு உரையாடல்கள். ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்ற மொழியில் நீங்கள் சொல்ல வேண்டும். மொத்தம் 90க்கு 63 வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29க்குக் குறையக் கூடாது. "தமிழ்தானே" என்று தயாரிப்பே இல்லாமல் போய்த் தோற்றவர்கள் என்னிடம் வருடத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். காரணம் ஒன்றுதான். வீட்டு வாடகை பற்றிய உரையாடல் வரும். நாம் அன்றாடம் பேசும் தமிழில் அட்வான்ஸ், ரிசிப்ட், ரிப்பேர், நோட்டீஸ் என்று வாக்கியம் முழுக்க ஆங்கிலம்தான். தேர்வில் அதையெல்லாம் பிணைத்தொகை, ரசீது, பழுது, முன்னறிவிப்பு என்று சொல்ல வரவேண்டும். மருந்துச் சீட்டு, காப்பீட்டுக் கோரிக்கை, சாட்சி, ஓய்வூதியம் என்று மருத்துவம், சட்டம், நலத்திட்டம், பள்ளி பற்றிய சொற்களை ஒரு நோட்டில் எழுதி, இரவில் மனைவியும் நீங்களும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பழகுங்கள். ஆறு வாரம் போதும்.

மனைவியின் ஆங்கிலத்துக்கு 5, தமிழுக்கு 5. 80 வந்துவிட்டது. உங்கள் ஆங்கிலமும் 8ஐத் தொட்டால் 90. 190 என்றால் அதன் மேல் 5, 491 என்றால் 15.

அடுத்து 186. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. உங்களுக்கு அது நடந்தால் நான்கில் மிகச் சிக்கனமான வழி அதுதான். ஆனால் அதன் சாவி உங்கள் கையில் இல்லை. விண்ணப்பம் போட்ட பிறகும், விசா கைக்கு வரும்வரை கம்பெனி தன் பரிந்துரையைத் திரும்பப் பெறலாம். கம்பெனி விற்கப்படலாம், ஆட்குறைப்பு வரலாம். 2020 தொடக்கத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். அப்போது கேட்ட மூன்று வருடம் முடிய இன்னும் ஐந்து வாரம். அலுவலகத்தில் அவருடைய குழு முழுவதையும் கலைத்துவிட்டார்கள். மூன்று வருடமும் 186ஐ மட்டுமே நம்பியிருந்ததால் தகுதி மதிப்பீடு எடுக்கவில்லை, பாயின்ட் விசாவுக்கு அழைப்புக் கேட்டு அரசிடம் போடும் விருப்பப் பதிவும் போடவில்லை. வயது 40 தாண்டி இரண்டு மாதம். அவர் மேசையில் வைத்த கோப்பில் கம்பெனியின் பாராட்டுக் கடிதங்கள் மட்டும் ஏழெட்டு இருந்தன. அந்தக் கோப்பை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

அவர் காலத்தைவிட இன்று நிலைமை கொஞ்சம் நன்றாக இருக்கிறது. வேலை போனால் வேறு ஸ்பான்சரைத் தேட முன்பு 60 நாள்தான். 2024 ஜூலையிலிருந்து ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள். 2024 டிசம்பரிலிருந்து, அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் வேலை செய்த காலமும் அந்த இரண்டு வருடக் கணக்கில் சேரும். கம்பெனி மாறினால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் அது பழைய விதி.

ஆனால் இரண்டு குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒன்று, சம்பளமில்லா விடுப்பு. ஊரில் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று சம்பளமில்லாமல் எடுத்த நாட்கள் இரண்டு வருடத்தில் சேராது. சம்பளத்தோடு எடுத்த விடுப்பு சேரும். இரண்டாவது, பதவி உயர்வு. இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் சிவில் இன்ஜினியர் என்ற தொழிலில் விசா வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த வருடம் நிர்வாகம் சந்தோஷமாக "ப்ராஜெக்ட் மேனேஜர்" என்று கடிதம் கொடுத்து, வேலையும் நிஜமாகவே கட்டுமான மேலாண்மைக்கு மாறினால், அரசின் தொழில் பட்டியலில் அது வேறு குழு. டி.ஆர்.டி.க்கு அதே குழுவில் இரண்டு வருடம் கேட்கிறார்கள். பதவி உயர்வுக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் அதில் எழுதியுள்ள கடமைகளைப் படியுங்கள். வடிவமைப்பும் கணக்கீடும் தள மேற்பார்வையும் உங்கள் பொறுப்பிலேயே இருந்தால், பெயர் மாறினாலும் வாதாட இடமிருக்கிறது.

"செலவுல பாதி உங்களது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உங்கள் விசா விண்ணப்பக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, உங்கள் முகவரின் கட்டணம் ஆகியவற்றை நீங்கள் கட்டலாம். கம்பெனி கட்ட வேண்டிய பரிந்துரைக் கட்டணத்தையும் பயிற்சி நிதி வரியையும் உங்களிடமிருந்து வாங்கக் கூடாது. அந்த வரி 186க்கு, ஆண்டு வரவு ஒரு கோடி டாலருக்குக் கீழ் உள்ள கம்பெனிக்கு 3,000 டாலர், அதற்கு மேல் 5,000. சம்பளத்தில் பிடிப்பதும் அதில் சேர்த்திதான். ஸ்பான்சர் செய்வதற்குப் பதிலாகப் பணமோ பலனோ வாங்குவது 2015 டிசம்பரிலிருந்து குற்றம். கொடுப்பவருக்கும் அபராதமும் விசா ரத்தும் வரலாம் என்பதுதான் நம்மவர்கள் கவனிக்காத பகுதி. மேலாளர் சட்டம் தெரியாமல் சொல்லியிருக்கலாம். கோபப்படாமல் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "எந்தச் செலவு யாருடையது என்று சட்டத்தில் பிரித்திருக்கிறது, மனிதவளத் துறையிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? 186 பரிந்துரைக்கு எந்த மாதத்தில் தொடங்கலாம்?" வருகிற பதிலிலேயே அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடிலெய்டு நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 491க்கான பகுதிகள் என்றால் பொட்டல்காடு என்று நினைக்க வேண்டாம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர மற்றதெல்லாம் சேரும். அடிலெய்டு, பெர்த், கான்பெரா, ஜீலாங் எல்லாம் அதில் வரும். அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் உண்டு. விட்டுப்போன பாதி இது: 491 வாங்கிவிட்டால், அதில் மூன்று வருடம் முடியும்வரை 186, 189, 190 எதற்கும் விண்ணப்பிக்க முடியாது. விதிவிலக்கு மிக அரிது. அதாவது அடுத்த வருடமே பி.ஆர். தரத் தயாராக உள்ள கம்பெனி கிடைத்தாலும் கதவு மூடியிருக்கும். வாழ்வது, வேலை செய்வது, படிப்பது எல்லாம் அந்தப் பகுதிக்குள்தான். உங்கள் வேலை மெல்போர்னில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மகளின் பள்ளியை மாற்றி, மூன்று வருடம் கழித்து இன்னொரு விண்ணப்பம். 15 பாயின்ட் சும்மா கிடைப்பதில்லை. ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர்களுக்கும், வேறு வழியில் பாயின்ட் எட்டாதவர்களுக்கும் 491 அருமையான விசா. அதை வாங்கி டாஸ்மேனியாவில் வீடு கட்டி நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அது மூன்றாவது வழி.

மகளைப் பற்றி நீங்கள் கடைசி வரியில்தான் கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். மருத்துவத் தகுதியில் குடும்பத்தில் ஒருவர் தோற்றால் எல்லோருடைய விண்ணப்பமும் தோற்கும். அரசு மருத்துவ அதிகாரி பார்ப்பது, இந்தக் குறைபாட்டால் பொதுச் சுகாதார, சமூக சேவைகளுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை. 2024 ஜூலையிலிருந்து அந்த வரம்பு 86,000 டாலர். ஒரு காதில் கேட்கும் கருவி, சாதாரணப் பள்ளி, வேறு பிரச்சினை இல்லை என்றால், என் அனுபவத்தில் அது இந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போனதில்லை. ஆனால் முடிவு அதிகாரியுடையது. கேட்கும் திறன் மெல்லக் குறைந்துகொண்டே வரும் நோயாக இருந்தாலோ, பின்னால் அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் கருவி தேவைப்படலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலோ கணக்கு மாறும். அப்போது விசாவின் தேர்வே மாற வேண்டியிருக்கும். 189, 190 இரண்டிலும் வரம்பைத் தாண்டினால் விலக்குக் கேட்க வழியில்லை. 186 டி.ஆர்.டி.யில் விலக்குக் கேட்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே, பாயின்ட் 100 இருந்தும் 186க்குக் காத்திருங்கள் என்று சில குடும்பங்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் சட்டத்தில் எழுதியிருப்பது. யாராலும் உறுதி சொல்ல முடியாதவையும் உண்டு. 189க்கு எத்தனை பாயின்டில் அழைப்பு வரும் என்பது ஒவ்வொரு சுற்றிலும் மாறும், தொழிலுக்குத் தொழில் மாறும். 2023-24இல் 189க்கு ஒதுக்கிய இடங்கள் 30,375. அடுத்த வருடம் அது 16,900 ஆனது. அதே சமயத்தில் கம்பெனி ஸ்பான்சருக்கான இடங்கள் 36,825இலிருந்து 44,000 ஆனது. அரசின் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலிருந்து தெரிகிறது. உங்களுக்கு அழைப்பு வருமா என்று தெரியாது. 190இல் மாநிலங்கள் வருடந்தோறும் தங்கள் விதியை மாற்றும். இடம் தீர்ந்தால் நடுவிலேயே மூடும். "85 இருந்தா கேரண்டி" என்று யூடியூபில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பணம் கட்டாதீர்கள். விதி மாறும் வேகத்துக்கும் உத்தரவாதம் இல்லை. 2017 ஏப்ரல் 18 அன்று, 482க்கு முன்பு இருந்த 457 விசாவை ஒழிக்கப்போவதாகப் பிரதமர் மால்கம் டர்ன்புல் அறிவித்தார். முந்தின நாள் வரை பி.ஆர். பாதையில் இருந்த தொழில்கள் மறுநாள் இல்லை. அன்று என் தொலைபேசி நள்ளிரவுவரை ஓயவில்லை. அப்படிக் கதவு மூடப்பட்ட தொழில்காரர்கள் பலருக்கு 2023 நவம்பரில்தான் மறுபடி திறந்தது.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரமே இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவின் தகுதி மதிப்பீட்டைத் தொடங்குவேன். டி.ஆர்.டி.க்கு அது பொதுவாகத் தேவையில்லை, மற்ற மூன்றுக்கும் அது இல்லாமல் வாசலே தாண்ட முடியாது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல்தான் முழு உறுப்பினரானது. அதற்கு முன் பட்டம் வாங்கிய நீங்கள் சி.டி.ஆர். என்ற திறன் விளக்க அறிக்கையை எழுதித்தான் ஆக வேண்டும். மூன்று வேலை அனுபவக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொல், "நான் செய்தேன்" என்ற தன்மையில். நீங்கள் துபாயில் போட்ட அடித்தளக் கணக்கை, மண் பரிசோதனை அறிக்கை எப்படித் தப்பாக வந்தது, நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று எழுதினால் போதும். 300 டாலருக்கு எழுதித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அதே கட்டுரையை அவர் பத்துப் பேருக்கு விற்றிருப்பார். திருட்டு எழுத்து பிடிபட்டால் தடை விழும், விஷயம் குடியேற்றத் துறைக்கும் போகும்.

மதிப்பீடும் மொழித் தேர்வும் நடக்கும்போதே அனுபவச் சான்றுகளைத் திரட்டுங்கள். கடிதம் மட்டும் போதாது. சென்னைக்கு படிவம் 16, பி.எஃப். பாஸ்புக், சம்பளச் சீட்டு. துபாய்க்கு சம்பளம் வரவு வைத்த வங்கிக் கணக்கு, தொழிலாளர் ஒப்பந்தம். பழைய சென்னைக் கம்பெனியின் சான்றில் தலைப்பெழுத்தோடு உங்கள் பெயரும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்தும் இருக்கும். நமக்கு அது சாதாரணம், இங்கே இருக்கும் அதிகாரிக்கு அது இரண்டு ஆட்கள். இரண்டும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை இப்போதே தயாராக வையுங்கள்.

மதிப்பீடு வந்ததும் ஸ்கில்செலக்ட் என்ற அரசு இணையதளத்தில் 189க்கு ஒரு விருப்பப் பதிவு, விக்டோரியாவின் 190க்குத் தனியாக ஒன்று. இதற்குக் கட்டணம் இல்லை, கம்பெனிக்கும் தகவல் போகாது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று யாரும் குறை சொல்ல முடியாது, சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த 2019இன் 3 மாத இடைவெளியை மறைத்து இரண்டு வேலைகளையும் ஒட்டிப் போடாதீர்கள். அழைப்பில் உள்ள பாயின்டை உங்களால் நிரூபிக்க முடியாவிட்டால் விண்ணப்பம் நிராகரிப்புத்தான், கட்டிய விண்ணப்பக் கட்டணமும் திரும்பாது. அழைப்பு வந்தால் 60 நாள் அவகாசம், அதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும். விண்ணப்பித்த மறுநாளே வேலையை விட்டுவிடவும் கூடாது. இடைக்கால விசா கையில் வந்தாலும், 482 முடியும்வரை 482இன் நிபந்தனைகள்தான் நடைமுறையில் இருக்கும். அழைப்பு வராவிட்டால் பத்தாவது மாதத்தில் 186 இருக்கவே இருக்கிறது, நீங்கள் எதையும் இழக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. மகளைப் பார்க்கும் காது மருத்துவரிடம் ஒரு நேரம் வாங்கி, கடைசி இரண்டு வருடக் கேட்கும் திறன் அளவீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைபாடு நிலையாக இருக்கிறதா, கூடுகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிலையாக இருக்கிறது என்று வந்தால் மேலே சொன்ன வரிசைப்படி போங்கள். கூடுகிறது என்று வந்தால் 189, 190 பதிவைத் தொடாமல் அந்தக் கடிதத்தோடு முதலில் ஒரு முகவரைப் பாருங்கள்.